1899-ஐப் புரட்டினால்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் பேருந்து ஆமத்தூரைத் தாண்டுகிறது. இருபுறமும் கரிசல் காடும் பட்டாசு ஆலைகளுமாக இருக்கும் இந்தப் பக்கத்தில், நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் நடந்த சாதிக் கலவரமான ‘சிவகாசிக் கொள்ளை’யைப் பற்றிப் பொதுவெளியில் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பேசினாலும் அவரவர் சாதியின் கதையாகத்தான் வரும்.

அதனால்தான் புத்தகம் வேண்டியிருக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய நூல், கலவரத்தின் வேரைக் கோயில் நுழைவு உரிமையில் தேடுகிறது. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ராஜா வழக்குத் தொடுத்தார். 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராகவே வந்தது. இதற்கு நடுவில்தான் 1899 ஜூனில் நாடார்கள் வாழ்ந்த சிவகாசி தாக்கப்பட்டது. நாடார் வியாபாரிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த மகமைப் பணம் பள்ளிக்கூடங்களாக மாறிய விதத்தையும் ஹார்ட்கிரேவ் விவரிக்கிறார்.

ஆனால் சனங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பூமணியின் ‘அஞ்ஞாடி’க்குத்தான் வர வேண்டும். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவல். 2014-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது. பருமனைக் கண்டு மலைக்க வேண்டாம். தொடக்கம் கலவரமல்ல, கலிங்கல் கிராமத்து ஆண்டி, மாரி என்ற இரண்டு பையன்களின் சிநேகம். ஒருவன் குடியானவன் வீட்டுப் பிள்ளை, மற்றவன் துணி வெளுக்கும் வீட்டுப் பிள்ளை. தலைமுறைகள் கடந்து கதை கழுகுமலைக்கும் சிவகாசிக்கும் வரும்போது, தீ வைக்கப்படும் தெருக்களில் யார் யார் குடியிருந்தார்கள் என்பது வாசகருக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் நாவலையும் பிறகு ஆய்வு நூலையும் எடுக்கலாம். வருஷங்கள் அப்போதுதான் மனதில் தங்கும்.