எந்த ரயில் என்பது அப்புறம்... எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று?
எண்ணூருக்குத் தேவை மெட்ரோவா, லைட் ரயிலா? கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு விவாதம்

வடசென்னையில் விம்கோ நகர் பணிமனையோடு மெட்ரோ நின்றுவிடுகிறது. எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் எல்லாம் அதற்கு அந்தப் பக்கம். அசோக் லேலண்ட் தொழிற்சாலை, வடசென்னை அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம் என்று வேலை இருக்கும் இடங்களும் அங்கேதான். மெட்ரோவை எண்ணூர் வரை, முடிந்தால் மீஞ்சூர் வரை கொண்டுபோங்கள் என்று அந்தப் பகுதி மக்கள் கேட்கிறார்கள். 'இவ்வளவு பணம் எங்கே இருக்கிறது, லைட் ரயில் போதாதா?' என்று எதிர்க்குரலும் எழுகிறது. மண்ணுக்கு அடியில் போவதா, தூண் மேல் போவதா, தரையிலேயே டிராம் மாதிரி ஓடுவதா? பெரிய நகரங்கள் எல்லாம் ஒருமுறையாவது மோதிப்பார்த்த கேள்வி இது. வடசென்னைக்கு வரும்போது மட்டும் இதற்குள் லாரியும் மீன்கூடையும் மானப் பிரச்னையும் சேர்ந்துகொள்கின்றன.

முதலில் காசுக் கணக்கு

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான நீட்டிப்பு சுமார் 9 கிலோமீட்டர். செலவு 3,770 கோடி ரூபாய். 2016-ல் அடிக்கல் நாட்டி, 2021 பிப்ரவரி 14 அன்று திறந்தார்கள். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 400 கோடிக்கு மேல். இத்தனைக்கும் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை ஆகிய இரண்டு நிலையங்கள்தான் பூமிக்கு அடியில் இருக்கின்றன. மற்றவை எல்லாம் தூண் மேல். இப்போது நடக்கும் இரண்டாம் கட்டத்தில் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி. அதாவது கிலோமீட்டருக்கு 530 கோடியைத் தாண்டுகிறது. சுரங்கம் கூடக் கூட விலை ஏறும்.

இந்த விலையைப் பார்த்துத்தான் மத்திய அரசு 2019-ல் 'மெட்ரோலைட்' என்ற திட்ட வரையறையை வெளியிட்டது. மூன்று பெட்டி, சுமார் 300 பேர். சாலையின் ஒரு பகுதியை வேலி போட்டுப் பிரித்து, தரையிலேயே ஓடும் ரயில். ஒரு திசையில் மணிக்கு 15,000 பேர் வரை போகிற தடங்களுக்கு இது போதும், செலவும் வழக்கமான மெட்ரோவில் ஏறத்தாழ 40 சதவீதம்தான் என்றார்கள். காகிதத்தில் பார்த்தால் எண்ணூருக்கு என்றே தைத்த சட்டை. ஒரு மெட்ரோ ரயிலில் 1,276 பேர் போகலாம். எர்ணாவூரைத் தாண்டி அவ்வளவு கூட்டம் எல்லா நேரமும் வருமா என்று நிதித்துறை அதிகாரி கேட்டால், சட்டென்று பதில் சொல்வது கஷ்டம்தான்.

'எங்களுக்கு மட்டும் டிராமா?'

இந்தக் கணக்கை எண்ணூர்க்காரரிடம் சொல்லிப் பாருங்கள். தெற்கே சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் முழு மெட்ரோ, எங்களுக்கு மட்டும் மலிவுப் பதிப்பா என்று கேட்பார். அதில் நியாயம் இருக்கிறது. மெட்ரோவின் முதல் திட்டமே வண்ணாரப்பேட்டையோடு முடிந்தது. திருவொற்றியூருக்கு அதை இழுத்துவரவே குரல் கொடுக்க வேண்டியிருந்தது. நகரம் வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் வடக்கேதான் வந்து சேர்ந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது, 2011-ல் அந்த நிலக்கரி எண்ணூருக்குத்தான் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட ஊர், போக்குவரத்தில் மட்டுமாவது சமமாக நடத்தப்பட வேண்டும் என்று கேட்பதை வீம்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் மானத்தை முன்வைத்து நடந்த இதே போன்ற சண்டை ஒன்று வேறொரு ஊரில் எங்கே போய் முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கனடாவின் டொரன்டோவில், நம் ஈழத் தமிழர்கள் திரளாகக் குடியேறிய ஸ்கார்பரோ பகுதி. அங்கே 1985 முதல் ஓடிக்கொண்டிருந்த சிறு ரயில் பாதை பழசாகிப்போனது. அதற்குப் பதிலாக ஏழு நிலையங்களோடு லைட் ரயில் போட மாகாண அரசு பணமும் ஒதுக்கியிருந்தது. 'ஸ்கார்பரோ என்ன இளக்காரமா? எங்களுக்கும் சுரங்க ரயில் வேண்டும்' என்ற முழக்கம் எழுந்தது. அப்போதைய மேயர் ராப் ஃபோர்டு அதைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டார். 2013-ல் நகர மன்றம் லைட் ரயிலைக் கைவிட்டு, மூன்றே நிலையங்கள் கொண்ட சுரங்கப் பாதைக்கு வாக்களித்தது. பிறகு அது ஒரே நிலையமாகச் சுருங்கி, மறுபடி மூன்றானது. இதற்கிடையே 2023 ஜூலையில் பழைய ரயில் தடம்புரண்டு, பாதையையே நிரந்தரமாக மூடிவிட்டார்கள். சுரங்க வேலை இன்னும் நடக்கிறது. ஸ்கார்பரோ மக்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க். அங்கே 1989 மேயர் தேர்தலே 'சுரங்க மெட்ரோவா, டிராமா' என்பதில்தான் நடந்தது. டிராம் பக்கம் நின்ற கேத்தரின் ட்ராட்மன் ஜெயித்தார். ஐந்தே வருஷத்தில், 1994-ல், டிராம் ஓடியது. தரை ரயில் என்றால் தரம் குறைந்தது என்ற எண்ணத்தை அந்த ஊர் மாற்றிக் காட்டியது.

லாரிதான் தீர்ப்பு சொல்லும்

அப்படியென்றால் நாமும் தரையிலேயே போட்டுவிடலாமா? எண்ணூர் விரைவுச் சாலைக்கு வந்து பார்த்தால் பதில் தெரியும். ஒரு பக்கம் கடல், கல் கொட்டி அரிப்பைத் தடுத்த கரை. மறுபக்கம் வீடுகள், மீனவர் குப்பங்கள். நடுவே சென்னைத் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. நெரிசல் முற்றிய நாட்களில் வரிசை நகரவே நகராது. லாரியின் நிழலில் ஸ்டவ்வைப் பற்றவைத்து டிரைவரும் கிளீனரும் சோறு வடிப்பார்கள். அந்தச் சாலையில் இரண்டு தடங்களை ரயிலுக்கு ஒதுக்கினால், லாரிகள் அப்படியே திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குள் வந்து விழும். அங்கே ஏற்கெனவே மெட்ரோ தூண்கள் நிற்கின்றன.

லைட் ரயிலின் லாபமெல்லாம் தரையில் ஓடுவதில்தான் இருக்கிறது. தரையில் இடமில்லை என்று தூண் மேல் ஏற்றினால் மெட்ரோ செலவில் பெரும்பகுதி வந்துவிடும். 300 பேர் ஏறும் ரயில்தான் மிஞ்சும். ஆகவே வடசென்னையில் லைட் ரயில் சாத்தியமா என்பதை, சரக்குப் போக்குவரத்தை எங்கே திருப்பிவிடுகிறோம் என்பதுதான் முடிவு செய்யும். துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் ஒருமுறையும், இரண்டடுக்குத் திட்டமாக மாற்றி 2022-ல் மறுமுறையும் அடிக்கல் நாட்டினார்கள். அது முழுசாக ஓடி, எண்ணூர் பக்கம் லாரி நிறுத்த முறையான முனையங்களும் வந்தால்தான் சாலையில் ரயிலுக்கு இடம் கேட்கவே முடியும்.

கண்ணெதிரே ஒரு ரயில் இருக்கிறது

இந்த விவாதத்தில் எல்லோரும் தாண்டிப்போகிற ஒன்று உண்டு. கடற்கரையிலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாக கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் ஏற்கெனவே ஓடுகிறது. பாதை போட்டாகிவிட்டது, நிலையங்கள் இருக்கின்றன, 12 பெட்டி ரயிலில் ஆயிரக்கணக்கானோர் போகலாம். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மெட்ரோவில் 10 ரூபாயில் ஆரம்பித்து 50 வரை போகிறது. பெண்களுக்குச் சாதாரண மாநகரப் பேருந்தில் கட்டணமே இல்லை என்றிருக்கும்போது, வீட்டு வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிற பெண்களுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

காசிமேட்டில் விடிகாலை ஏலம் எடுத்த மீனைக் கூடையில் அடுக்கி, மேலே ஐஸைத் தூவி, ஈரத் துணியால் மூடிக்கொண்டு வரும் அம்மாக்களை மின்சார ரயிலின் வெண்டார் பெட்டியில் பார்க்கலாம். குளிரூட்டிய மெட்ரோவில் அந்தக் கூடைக்கு இடம் கிடையாது. லைட் ரயில் வந்தாலும் கிடைக்காது. எண்ணூர் வட்டாரத்தின் பிழைப்பைச் சுமந்துகொண்டு ஓடக்கூடிய ஒரே ரயில் இந்தப் பழைய ரயில்தான்.

பிறகு ஏன் அதை நம்பிப் பலர் கிளம்புவதில்லை? அது டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் போகிற பிரதான பாதை. அதே பாதையில் எக்ஸ்பிரஸ் வரும், நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வரும். அவற்றுக்கு வழிவிட்டு மின்சார ரயில் சிக்னலில் நிற்கும். பகல் நேரத்தில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு அரை மணி, சில வேளை அதற்கும் மேல். ரயிலில் போகாதவரையும் இது விடுவதில்லை. ரயில்வே கேட் மூடினால் ஆட்டோவும் ஆம்புலன்ஸும் சேர்ந்தே நிற்க வேண்டும். மெட்ரோவில் போகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, வந்துவிடும் என்று தெரியும். மக்கள் மெட்ரோ கேட்பது ஏசிக்காக மட்டுமில்லை, இந்த நிச்சயத்துக்காகவும்தான்.

எது முதலில்?

என் கட்சி இது: புறநகர் ரயிலுக்கென்று தனித் தடம் கிடைக்கச் செய்வதுதான் முதல் வேலை. அத்திப்பட்டுக்கு வடக்கேயும் கூடுதல் பாதைகள் போட்டு, கூட்ஸைப் பிரித்து, நெரிசல் நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் விட்டால் எண்ணூரின் பாதிக் குறை தீரும். கேட்டுகளுக்குப் பதில் பாலமும் சுரங்க வழியும் வர வேண்டும். விம்கோ நகரில் மெட்ரோ நிலையமும் ரயில் நிலையமும் நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. வெயிலும் மழையும் படாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி செய்தால், மெட்ரோவை ஒரு அடி நீட்டாமலே எண்ணூருக்கு மெட்ரோ வந்த மாதிரிதான். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. டிக்கெட் ஒன்றான பிறகும் நடைபாதை ஒன்றாகாமல் இருப்பது சரியில்லை.

லைட் ரயிலுக்கும் வேலை இருக்கிறது, ஆனால் வேறு திசையில். வடசென்னையில் தெற்கு - வடக்காகப் போக இரண்டு ரயில் உண்டு. திருவொற்றியூர், மணலி பக்கம் கிழக்கு - மேற்காகப் போக ஒன்றுமே இல்லை. இரண்டாம் கட்ட மெட்ரோவின் இரண்டு வழித்தடங்கள் மாதவரத்தில் தொடங்குகின்றன. திருவொற்றியூரிலிருந்து மணலி வழியாக மாதவரத்துக்கு ஒரு லைட் ரயில் இருந்தால், மணலி ஆலைத் தொழிலாளியும் திருவொற்றியூர் கல்லூரி மாணவியும் நகருக்குள் போய்ச் சுற்றாமல் குறுக்கே போகலாம். அந்தத் தடத்தின் கூட்டத்துக்கு அது அளவானதும்கூட. டேங்கர் லாரிகளுக்குத் தனி வழி வகுத்த பிறகுதான் அதையும் போட முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மெட்ரோவை எண்ணூருக்கு நீட்டுவது மூன்றாவது. அது சுரங்கமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை; விம்கோ நகர் வரை தூண் மேல் வந்தது அப்படியே போகலாம். அதற்குப் பத்து வருஷம் ஆகலாம். அதுவரை மற்ற இரண்டையும் கிடப்பில் போடுவதற்கு அது சாக்காகிவிடக் கூடாது. 2011-ல் 111 கிலோமீட்டர் மோனோ ரயில் வருகிறது என்று அறிவித்தார்கள். ஒரு தூண்கூட எழவில்லை. அந்த அனுபவம் நமக்குப் போதும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் எண்ணூருக்கு மெட்ரோ என்றோ லைட் ரயில் என்றோ வாக்குக் கொடுத்தால், எந்த ரயில் என்று கேட்காதீர்கள். கத்திவாக்கம் நிலையத்தில் காலை எட்டு மணிக்கு நிற்பவருக்கு அடுத்த வருஷம் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி வரும் என்று கேளுங்கள். அதற்கு ஒரு எண்ணைச் சொல்கிறவரிடம் மட்டும் மேற்கொண்டு பேசலாம்.