சந்தைக்குப் போகும் பழைய வேன் மேட்டில் திணறுகிறதா? கன்வெர்ட்டரைப் பாருங்கள்

வில்லியனூர் பக்கத்திலிருந்து புதுச்சேரி நகருக்குக் காய்கறி ஏற்றி வரும் பழைய வேன்களுக்கு அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம் ஒரு பரீட்சை. நல்ல நிலையிலுள்ள வண்டி பாரத்தோடு சிரமமின்றி ஏறிவிடும். கோளாறு உள்ள வண்டி கியரைக் குறைத்த பிறகும் மூச்சு வாங்கும்.

எனக்குத் தெரிந்த கத்தரி விவசாயி ஒருவரின் ஓம்னி வேன் இப்படித்தான் திணற ஆரம்பித்தது. முதலில் கிளச் பிளேட்டை மாற்றினார்கள். பிறகு பெட்ரோல் பம்பு. இரண்டுக்கும் பணம் போனது. வண்டியின் இழுவை திரும்பவில்லை. கடைசியில் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். புதிது போட்டதும் வண்டி பறந்தது. ஆனால் ஆறு மாதத்தில் அந்தப் புதிய கன்வெர்ட்டரும் அடைத்துவிட்டது. முதல் கன்வெர்ட்டர் ஏன் கெட்டது என்று யாரும் கேட்கவில்லை. காரணம் ஒரு பழைய பிளக் வயர். கன்வெர்ட்டரின் விலையோடு பார்த்தால் அந்த வயரின் விலை ஒன்றுமே இல்லை.

கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை; எஞ்சினிலுள்ள வேறொரு கோளாறுதான் அதைக் கெடுக்கிறது. அந்தக் கோளாறைத் தீர்க்காமல் புதிது வாங்கிப் போடுவது, மடை உடைந்திருக்க வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான்.

கன்வெர்ட்டர் என்ன செய்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் இது சைலன்சரைப் போன்ற ஒரு தகர டப்பா. உள்ளே பீங்கான் போன்ற பொருளால் ஆன தேனடை இருக்கிறது. அதன் நுண்ணிய துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். எஞ்சினிலிருந்து வரும் புகை இத்துளைகள் வழியே போகும்போது, எரியாமல் மிஞ்சிய பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் சாதாரண நைட்ரஜனாகின்றன. இந்த வேலை நடக்கத் தேனடை சுமார் 250 முதல் 300 டிகிரி வரை சூடேறியிருக்க வேண்டும்.

நம் நாட்டில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் இதை நஞ்சாக்கிவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அப்போதே வந்தது; 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல்தான். ஓம்னி தயாரிப்பு 2019-இல் நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடும் ஓம்னி எல்லாம் பழைய வண்டிதான். 2010-இல் வந்த முதல் ஈக்கோக்களுக்கும் 15 ஆண்டுகள் முடிந்துவிட்டன. இக்கட்டுரை இத்தகைய பெட்ரோல் வண்டிகளைப் பற்றியது. டீசல் வண்டிகளின் முறை வேறு.

அடைப்பா, செயலிழப்பா?

கன்வெர்ட்டர் இரண்டு விதமாகக் கெடும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் விதம் அடைப்பு. தேனடை உருகியோ உடைந்தோ புகையின் வழியை மறித்துவிடும். பழைய காற்று வெளியே போனால்தானே புதுக் காற்று உள்ளே வரும்? ஸ்லோவில் எஞ்சின் ஒழுங்காக ஓடும். பாரம் ஏற்றி வேகம் எடுக்கும்போதுதான் திணறும். ஓரளவு வேகத்துக்கு மேல் போகாது. வண்டியின் அடித்தளம் வழக்கத்துக்கு மீறிச் சுடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும். அடைப்பு முற்றினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆன சிறிது நேரத்தில் தானே நின்றுவிடும்.

இரண்டாவது விதம் செயலிழப்பு. துளைகள் திறந்தே இருக்கும்; மேலேயுள்ள உலோகப் பூச்சு மட்டும் வேலை செய்யாது. இழுவையில் குறை தெரியாது. புகைச் சோதனைக்குப் போகும்போதுதான் வண்டி தோற்கும். புதிய ரக வண்டிகளில் டாஷ்போர்டிலுள்ள எஞ்சின் விளக்கும் எரியலாம்.

இழுவை குறைந்தாலே கன்வெர்ட்டர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளச்சைச் சந்தேகிக்கலாம். நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மிதித்தாலே எஞ்சின் ஏறத் தயங்கினால் கிளச்சில் பழி இல்லை; பெட்ரோல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கன்வெர்ட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவற்றைப் பார்க்கப் பணச்செலவு இல்லை.

தாமே செய்யக்கூடிய சோதனை

காலையில் வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது கன்வெர்ட்டர் டப்பாவை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். உள்ளே கல் உருளுவது போல் சத்தம் கேட்டால் தேனடை உடைந்துவிட்டது. சத்தம் வராவிட்டால் நல்லது என்று பொருளல்ல. உருகி ஒட்டிக்கொண்ட தேனடை சத்தம் தராது. வெளித் தகடு நீலம் பாரித்திருந்தால் அது மிதமிஞ்சிச் சூடேறியதற்கு அடையாளம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறதோ என்று பார்க்க வேண்டும்.

மற்றச் சோதனைகளுக்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னாலுள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார்கள். ஸ்லோவில் சதுர அங்குலத்துக்கு ஒன்றேகால் பவுண்டுக்கு மேலோ, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் 3 பவுண்டுக்கு மேலோ அழுத்தம் காட்டினால், அந்த இடத்துக்குப் பின்னால் அடைப்பு இருக்கிறது. அடைப்பு கன்வெர்ட்டரிலா, அதற்கும் பின்னாலுள்ள சைலன்சரிலா என்பதைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடல் காற்றில் துருப்பிடித்த சைலன்சரின் உள்தகடு பெயர்ந்து குழாயை மூடுவதும் உண்டு. அப்படியானால் செலவு மிகக் குறைவு. கேஜ் வைத்துப் பார்க்காமல் "கன்வெர்ட்டர் போய்விட்டது" என்று சொல்லும் இடத்தில் அவசரப்பட்டுப் பணம் கொடுக்க வேண்டாம்.

புகைச் சோதனைச் சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் நலம். பாரத் ஸ்டேஜ் 2, 3 விதிப்படி வந்த பெட்ரோல் நான்கு சக்கர வண்டிகளுக்கு ஸ்லோ ஓட்டத்தில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம். வரை அனுமதி. ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 0.3 சதவீதம், 200 பி.பி.எம். ஹைட்ரோகார்பன் மட்டும் மிகுந்திருந்தால் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே போகிறது என்று சந்தேகிக்கலாம். கார்பன் மோனாக்சைடு மிகுந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இவை இரண்டும் இல்லையென்று உறுதியான பிறகுதான் கன்வெர்ட்டரைக் குறை சொல்லலாம். வீட்டிலிருந்து புறப்பட்டு இரண்டு தெரு தாண்டியதும் சோதனைக்கு நிறுத்துகிறார்கள். கன்வெர்ட்டர் சூடேறாததால் நல்ல வண்டியும் தோற்றுவிடுகிறது. கால் மணி நேரமாவது ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் சோதனைக்குக் கொடுங்கள்.

எது கெடுக்கிறது?

முதல் குற்றவாளி, மிஸ்ஸிங். ஒரு பிளக் வேலை செய்யாவிட்டால் அந்த சிலிண்டரின் பெட்ரோல் அப்படியே போய்க் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. 1,000 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் உலோகப் பூச்சு கெடும். இன்னும் ஏறினால் தேனடையே உருகும். ஆகவே மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியில் "இந்த ஒரு நடை மட்டும்" என்று பாரம் ஏற்றிப் போவது நஷ்டமான காரியம்.

கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் போகவில்லை. எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கி, எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சத்தம் பார்ப்பார்கள். கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அப்படிப் பிடுங்கி வைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் பச்சைப் பெட்ரோல் உள்ளே போகிறது. ஸ்டார்ட் ஆகாத வண்டியை நெடுநேரம் தள்ளி ஸ்டார்ட் செய்வதும், இறக்கத்தில் சாவியை அணைத்துவிட்டு கியரில் உருட்டுவதும் கெடுதல். பாட்டரி இறங்கியிருந்தால் வேறொரு பாட்டரியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்வதே நல்லது.

அடுத்தது எஞ்சின் ஆயில் எரிவது. ஆயிலிலுள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் சாம்பலாகி, பயிரின் இலைமேல் கரிப்பூஞ்சணம் படிவது போல் தேனடைமேல் படிந்துவிடும். அடிக்கடி ஆயில் ஊற்ற வேண்டியிருக்கும் வண்டிக்குப் புதுக் கன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன் ரிங்கு, வால்வு சீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஹெட் பேக்கிங் கசிந்து கூலண்ட் புகையோடு கலப்பதும் அதே கெடுதலைச் செய்யும். ரேடியேட்டரில் தண்ணீர் காரணமின்றிக் குறைந்தால் கவனிக்கவும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா என்று சிலர் கேட்கிறார்கள். எத்தனால் நேரடியாக வினையூக்கியைக் கெடுப்பதில்லை. ஆனால் பழைய டாங்கியில் படிந்த அழுக்கைக் கரைத்துவிடும். அது ஃபில்டரை அடைத்து மிஸ்ஸிங் வந்தால் அதன் பலன் கன்வெர்ட்டரில்தான் விடியும்.

நம் பகுதிக்கே உரிய காரணம் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. ஓடிச் சூடேறிய வண்டியை அடித்தளம் முழுகும் தண்ணீரில் இறக்கினால், அடுப்பிலிருந்து எடுத்த பீங்கானில் தண்ணீர் ஊற்றியது போல் தேனடை விரிசல் விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதங்களில் துண்டு துண்டாகப் பெயர்ந்து அடைக்கும். வெள்ளத்தில் ஓடிய வண்டியானால் அதை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மாற்றும்போது

உள்ளே இருக்கும் தேனடையைக் குத்தி எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். செலவு குறைவுதான். ஆனால் அது சட்டவிரோதம். புகைச் சோதனையிலும் தோற்கும். செல்லுபடியாகும் புகைச் சான்று இல்லாமல் ஆர்.சி. புதுப்பிப்பது சிக்கல். மாசு விதியை மீறினால் 2019 சட்டத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கு இடமுண்டு.

புதிதாக வாங்குவதானால் வண்டியின் மாடல், ஆண்டு, பாரத் ஸ்டேஜ் எண் மூன்றும் பொருந்த வேண்டும். ஆர்.சி. புத்தகத்தைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். மிக மலிவாகக் கிடைப்பதில் உலோகப் பூச்சு பெயருக்குத்தான் இருக்கும்.

பட்டறையில் வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள். வண்டி ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது; கட்டாயம் முட்டு கொடுக்க வேண்டும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் போல்ட் முறியாது. டப்பாவிலுள்ள அம்புக்குறி புகை போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். பேக்கிங் புதிதாகப் போட வேண்டும். பழையதில் காற்றுக் கசிந்தால் ஆக்சிஜன் சென்சார் தவறாகப் படித்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். பீங்கான் என்பதால் டப்பாவைக் கீழே போடவோ சுத்தியலால் அடிக்கவோ கூடாது. முதல் முறை சூடேறும்போது சிறிது புகையும் நாற்றமும் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

கழற்றிய பழைய கன்வெர்ட்டரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருவது பலரின் வழக்கம். மேலே சொன்ன கத்தரி விவசாயியும் இரண்டையும் சும்மா கொடுத்துவிட்டுத்தான் வந்தார். உள்ளே சில கிராம் அளவுக்குத்தான் உலோகம் இருக்கும் என்றாலும் அதில் ஒன்றான ரோடியத்தின் விலை 2021-இல் வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. அந்த ஆண்டுகளில் குஜராத், மகாராஷ்டிரம் முதலிய இடங்களில் நிறுத்தி வைத்த ஈக்கோ வண்டிகளின் சைலன்சரைத் திருடர்கள் கழற்றிப் போனதற்கு இதுவே காரணம். வேலையை ஒப்படைக்கும் முன்பே பழையதற்கு என்ன கழிவு தருவீர்கள் என்று கேளுங்கள். பழைய இரும்பு எடைக்குப் போட வேண்டாம். கன்வெர்ட்டர் என்றே சொல்லி இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரித்து விற்கலாம்.

கன்வெர்ட்டரின் மேலும் கீழும் உள்ள வெப்பத் தடுப்புத் தகட்டைச் சத்தம் போடுகிறது என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் வைக்கோல் பரப்பியிருக்கும். அதன் மேல் ஓட்டிப் போனால் வைக்கோல் அடியில் சிக்கிக்கொள்ளும். பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும் கன்வெர்ட்டரில் அது பட்டால் தீப்பிடிக்கும். களத்தில் வண்டியை நிறுத்தும்போது வைக்கோலும் சருகும் இல்லாத மண் தரையாகப் பார்த்து நிறுத்துங்கள். வைக்கோல் மேல் ஓட்டி வந்திருந்தால் எஞ்சினை அணைத்ததும் ஒருமுறை குனிந்து அடியில் பார்த்துவிட்டு, சிக்கியிருப்பதை ஒரு குச்சியால் இழுத்துப் போட்டுவிடுங்கள்.