மழைக்குப் பின் மூன்று நாள்

மழை வந்தால் நாம் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு விரைகிறோம். ஆனால் மழைக்காலத்துக் குளிரில் ஒரு நீண்ட பலகையைச் சுமந்துகொண்டு கடலை நோக்கி விரைகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள். பலகையின் மேல் நின்று அலையோடு வழுக்கி வரும் அலைச்சறுக்கு விளையாட்டில் பற்றுக் கொண்டவர்கள் அவர்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில், தெற்குக் கலிபோர்னியாவில், இக்காட்சியை ஆண்டுதோறும் காணலாம்.

அங்கே அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்லப்படுகிறது: மழை நின்ற பின் மூன்று நாள் கடலில் இறங்காதீர்கள் என்பதே அது. வானிலிருந்து விழும் மழை தூயது. கடலோ மிகப் பரந்தது. இரண்டும் கலப்பதில் தீங்கு எங்கிருந்து வருகிறது? அதை அறிந்துகொள்வோம்.

அலையும் மழையும்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மேற்கே சாந்தா மோனிக்கா விரிகுடா இருக்கிறது. புனித அகுஸ்தீனாரின் அன்னையான புனித மோனிக்கா அம்மையாரின் பெயரே அதற்கு. 1907-ஆம் ஆண்டில் ஹவாயிலிருந்து வந்த ஜார்ஜ் ஃபிரீத் என்ற இளைஞர், இவ்விரிகுடாவின் தென்பகுதியிலுள்ள ரெடோண்டோ கடற்கரையில் அலைமேல் நின்று காட்டி மக்களை வியக்க வைத்தார். அதன் பின் அவ்விளையாட்டு அக்கரையெங்கும் பரவியது.

குளிர்காலத்தில் வட பசிபிக் பெருங்கடலில் பெரும் புயல்கள் எழுகின்றன. புயற்காற்று நீரை இடைவிடாமல் உந்தித் தள்ளுவதால் பிறக்கும் அலைகள், நாட்கணக்கில் பயணம் செய்து வரிசை வரிசையாகக் கரையை அடைகின்றன. அலைச்சறுக்குவோர் ஆவலுடன் காத்திருப்பது இவற்றுக்காகத்தான். குளிர் தாங்கும் ரப்பர் உடை இருப்பதால் நீரின் குளிர்ச்சியும் அவர்களைத் தடுப்பதில்லை.

ஆனால் அப்புயல்களில் சில கரையையும் தொட்டு மழை பொழிகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்டு முழுவதற்கும் பெய்வது ஏறத்தாழ 14, 15 அங்குல மழைதான். சென்னையில் பெய்வது அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அந்தச் சிறிதளவு மழையும் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரையுள்ள மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. ஆகவே நல்ல அலையும் மழையும் ஒரே பருவத்தில் வந்து சேர்கின்றன. தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

வாய்க்கால் எங்கே முடிகிறது?

லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு வகைக் குழாய்கள் மண்ணுக்கடியில் செல்கின்றன. வீடுகளின் கழிவுநீர் ஒரு குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. தெருவில் ஓடும் மழைநீரோ வேறொரு குழாயில் சேர்ந்து, பெரும்பாலும் எவ்விதச் சுத்திகரிப்பும் இன்றி நேரே கடலுக்குப் போகிறது.

கோடை மாதங்களில் அங்கே மழையே இராது. அத்தனை நாளும் தெருக்களில் என்னென்னவோ சேர்கின்றன: மோட்டார் வண்டிகள் சிந்திய எண்ணெய், டயர் தேய்ந்த தூள், நாய்களின் கழிவு, தோட்டத்து உரமும் பூச்சிமருந்தும், சிகரெட் துண்டுகள், பிளாஸ்டிக் குப்பை. முதல் மழை வந்ததும் இவ்வளவையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு கடலில் சேர்க்கிறது. பெருமழையில் கழிவுநீர்க் குழாய்களே நிரம்பி வழிவதும் உண்டு.

மண் தரையாக இருந்தால் நீரில் ஒரு பகுதியை உறிஞ்சி, அழுக்கை வடிகட்டித் தந்திருக்கும். நகரமோ சிமெண்டாலும் தாராலும் மூடப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 130 சதுர மைல் பரப்பின் நீரைக் கடலுக்குக் கொண்டுவரும் பலோனா ஓடையின் கரைகளும் படுகையும் கூடப் பெரும்பகுதி கான்கிரீட்டே. வடிகட்ட ஆளின்றி அழுக்கு அப்படியே ஓடிவிடுகிறது.

கடற்கரைக்கும் மதிப்பெண் அட்டை

அவ்விரிகுடாவைக் காப்பாற்ற டொரத்தி கிரீன் என்ற அம்மையார் 1985-ஆம் ஆண்டில் 'ஹீல் தி பே' என்ற சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் 1990 முதல் கடற்கரைகளுக்கு மதிப்பெண் அட்டை வழங்கி வருகிறது. ஆம், நமக்குத் தருவது போலவே! தூய நீருக்கு 'ஏ', மிக மோசமான நீருக்கு 'எஃப்'. கோடையில் 'ஏ' வாங்கிய கடற்கரையே மழைக்குப் பின் 'எஃப்' வாங்குவதும் உண்டு.

மதிப்பெண் போடுவது எப்படி? நீரிலுள்ள நோய்க்கிருமிகள் ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆகையால் மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் சில பாக்டீரியாக்களை எண்ணுகிறார்கள். அவை மிகுந்திருந்தால் கழிவு கலந்திருக்கிறது என்று பொருள். என்டெரோகாக்கஸ் என்பது அவற்றுள் ஒன்று. 1997-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கலிபோர்னியச் சட்டத்தின்படி வகுத்த விதிகளில், 100 மில்லி லிட்டர் கடல்நீரில் இதன் எண்ணிக்கை 104-ஐத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அச்சட்டம் வாரந்தோறும் சோதனையைக் கட்டாயமாக்கியது ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். அலைச்சறுக்குவோர் மிகுதியாக நாடும் குளிர்காலம் அக்கட்டாயத்துக்கு வெளியே நின்றுவிட்டது. பல இடங்களில் அதிகாரிகள் தாமாகவே குளிர்காலத்திலும் சோதிக்கிறார்கள் என்பது ஆறுதல். இரண்டாவது, பாக்டீரியாக்களை வளர்த்து எண்ணும் பழைய முறையில் முடிவு தெரிய ஒரு நாள் ஆகும். இன்று படிக்கும் முடிவு நேற்றைய கடலைப் பற்றியது! இக்குறையைப் போக்க, சான் டியாகோ வட்டாரத்தில் 2022 முதல் அன்றைக்கன்றே முடிவு தரும் புதிய முறையைக் கையாள்கிறார்கள்.

654 பேரின் சாட்சியம்

மழைக்குப் பின் கடலில் இறங்கினால் உண்மையிலேயே நோய் வருமா? 2013-14, 2014-15 ஆகிய இரு குளிர்காலங்களில் சான் டியாகோவில் இதை ஆராய்ந்தார்கள். 654 அலைச்சறுக்குவோர், தாம் கடலில் இறங்கிய நாட்களையும் தமக்கு வந்த நோய்களையும் அவ்வப்போது பதிவு செய்து தந்தனர். அவர்கள் கடலில் இறங்கியது மொத்தம் 10,081 தடவை.

கடலில் இறங்காதபோது ஆயிரத்துக்கு 18 பேர் என்ற அளவில் வயிற்று நோய் கண்டது. மழையில்லாத நாட்களில் இறங்கியபோது அது 25 ஆயிற்று. மழைக்குப் பின் இறங்கியபோது 30 ஆயிற்று. காதுவலியும், புண்கள் சீழ் பிடிப்பதும் கூட மழைக்குப் பின் மிகுந்தன.

18-க்கும் 30-க்கும் உள்ள வேறுபாடு பெரிதன்று என்று சிலர் நினைக்கலாம். இறங்கியவர் எல்லாரும் நோயுறுவதில்லை என்பதும் உண்மையே. ஆனால் ஒரு பருவத்தில் பல தடவை இறங்குகிறவருக்கு அந்த ஆபத்தும் பல தடவை நேர்கிறது. மேலும், அலைச்சறுக்குவோர் விழுந்து விழுந்து எழுவதால் கடல்நீரை விழுங்காமல் இருக்க முடியாது. நாளொன்றுக்குச் சராசரியாக 170 மில்லி லிட்டர் விழுங்குகிறார்கள் என்று, 2008-இல் வெளிவந்த ஒரேகான் மாநில ஆய்வு கணக்கிட்டது. ஏறக்குறைய ஒரு டம்ளர்!

மூன்று நாள் பொறுத்தால் என்ன ஆகிறது? வெயிலும் உப்பும் கிருமிகளை அழிக்கின்றன. அலைகளும் நீரோட்டமும் மீதியைச் சிதறடிக்கின்றன. ஆனால் அருமையான அலை மூன்று நாள் காத்திராது! மழைவிட்ட மறுநாளே கடல் அழகாக எழுந்து அழைக்கும்போது, கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குப் பெரும் சோதனைதான்.

பொறுப்பு யாருடையது?

காத்திருப்பது தற்காப்பு மட்டுமே. தீர்வு தெருவிலும் தரையிலும் இருக்கிறது. இதை உணர்ந்த லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டார மக்கள், மழைநீரைத் தேக்கித் தூய்மை செய்வதற்காக, நீர் புகாத தரைக்குச் சதுர அடிக்கு இரண்டரை சென்ட் வரி செலுத்த 2018-இல் தாங்களே வாக்களித்து இசைந்தார்கள். 2025 ஜனவரியில் பெரும் காட்டுத்தீ வீடுகளை எரித்தபோது அந்தச் சாம்பலும் கடலை அடைந்தது. நீண்ட கடற்கரைப் பகுதியில் நீரில் இறங்க வேண்டாமென்று அதிகாரிகள் எச்சரிக்க நேர்ந்தது. நிலத்துக்கு நேர்வது கடலுக்கும் நேர்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கலிபோர்னிய நகரங்களில் தெருவோர மழைநீர்த் துவாரங்களின் அருகே, இது கடலுக்குச் செல்கிறது, குப்பை போடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தெருவில் எண்ணெயைக் கொட்டியவர், அதை விழுங்கப்போகும் மனிதரைக் காண்பதில்லை. விழுங்கியவரும் கொட்டியவரை அறிவதில்லை. இருவரையும் இணைப்பது ஒரு நாள் மழை.

அன்புத் தோழியரே, நம் பள்ளி வாயிலில் ஓடும் மழைநீர் எந்த வாய்க்காலில் சேர்ந்து எங்கே போகிறது என்று நமக்குத் தெரியுமா? அடுத்த மழையின்போது சற்றே நின்று பார்ப்போம். கையிலிருக்கும் மிட்டாய்த் தாளைக் கீழே போடும் முன் அந்த வாய்க்காலின் மறுமுனையை நினைத்துக்கொள்வோம்.

– அறிவியல் மன்ற மாணவியர்