பாலிஸியில் பனி உண்டா?

ஜெர்மனியில் வேலையாக இருக்கும் உங்கள் தம்பி, "அக்கா, இந்தக் குளிர்காலத்தில் குழந்தைகளோடு வா. ஆல்ப்ஸ் மலைக்குப் போய்ப் பனியில் சறுக்கி விளையாடலாம்" என்று அழைக்கிறான். ஒரே குதூகலம்! கம்பளிச் சட்டை, குல்லாய், அவனுக்குப் பிடித்த ஆவக்காய் ஊறுகாய் எல்லாம் பெட்டியில் ஏறிவிட்டன. விசாவுக்குக் கேட்டார்களே என்று பிரயாண இன்ஷூரன்ஸும் எடுத்தாயிற்று. அந்தக் காகிதத்தைச் சற்று வெளியே எடுங்கள், அம்மணி.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும் என்பது சட்டம். அத்தனை பெரிய தொகை இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் பொடி எழுத்தைப் படியுங்கள். சாகச விளையாட்டுகளால் வரும் காயங்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று பல பாலிஸிகளில் ஒரு வரி ஒளிந்திருக்கும். ஸ்கீ விளையாட்டும் பெரும்பாலும் அதற்குள் அடக்கம். அதாவது, ஹோட்டல் குளியலறையில் வழுக்கி விழுந்தால் பணம் வரும். பனியில் வழுக்கி விழுந்தால் வராது! கூடுதல் பிரீமியம் கட்டினால் குளிர்கால விளையாட்டுகளையும் சேர்த்துக்கொள்ளும் பாலிஸிகள் இருக்கின்றன. "எல்லாம் அடக்கம்தான், மேடம்" என்று ஏஜெண்ட் வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் இருக்க வேண்டும்.

அப்படிச் சேர்த்த பிறகும் இன்னொரு எல்லை உண்டு. மலையில் சறுக்குப் பாதைகளைக் கம்பு நட்டுக் குறித்திருப்பார்கள். நீலம் சுலபம், சிவப்பு சற்றுக் கடினம், கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. இந்தக் கம்புகளைத் தாண்டினால் பல பாலிஸிகள் அங்கேயே நின்றுவிடும். சில, வழிகாட்டி கூட இருந்தால் மட்டுமே ஒப்புக்கொள்ளும். எவ்வளவு தூரம் தாண்டினால் ஆபத்து என்கிறீர்களா? மோட்டார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29-ந் தேதி பிரான்ஸில் மெரிபெல் என்ற இடத்தில், இரண்டு பாதைகளுக்கு நடுவே பாறைகள் கிடந்த பகுதியில் விழுந்தார். பாதையின் ஓரத்திலிருந்து சில மீட்டர்தான். தலைக்கவசம் அணிந்திருந்தும் தலையில் பலத்த அடி. பழகியவருக்கே இந்தக் கதி என்றால், "அந்தப் பக்கம் கூட்டமே இல்லை, அம்மா!" என்று ஓடும் பிள்ளையை என்ன செய்வது?

விழுந்தவரைக் கீழே கொண்டுவருவதும் இனாம் இல்லை. பிரான்ஸில் பாதையிலிருந்து தூக்கி வந்ததற்கே பில் நீட்டுவார்கள். ஆகவே வைத்தியச் செலவு என்று இருந்தால் மட்டும் திருப்தி அடையாதீர்கள். மலையிலிருந்து மீட்கும் செலவு, ஹெலிகாப்டர் உள்பட, தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்நாட்டில் மலை ரயில், கம்பித் தொட்டில் டிக்கெட்டோடு தினத்துக்குச் சில யூரோவுக்கு 'காரே நேஜ்' என்ற இன்ஷூரன்ஸையும் விற்கிறார்கள். மறந்து வந்தவர்களுக்கு அது ஒரு கைத்தாங்கல்.

நாம் விழுவது ஒரு செலவு; பிறர்மேல் விழுவது இன்னொரு செலவு. ஹாலிவுட் நடிகை கிவினெத் பால்ட்ரோ 2016-ல் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் சறுக்கியபோது ஒருவரோடு மோதல் ஏற்பட்டது. அந்த மனிதர் லட்சக்கணக்கான டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 2023-ல் ஜூரிகள் நடிகையின் பக்கம் தீர்ப்பளித்து, அவர் நஷ்ட ஈடாகக் கேட்ட ஒரு டாலரையும் கொடுக்கச் செய்தார்கள். ஜெயித்தவருக்கும் வக்கீல், கோர்ட்டு என்று அலைச்சல்தானே! இத்தாலியிலோ, 2022 ஜனவரி 1 முதல், பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் சறுக்குப் பாதையில் இறங்கவே கூடாது.

இவ்வளவுக்கும் பிறகுதான் சாமான்கள். முதல் தடவை போகிறவர்கள் பலகை, பூட்ஸ், ஊன்றுகோல் எல்லாவற்றையும் வாடகைக்கே எடுங்கள். வாடகைச் சாமான் உடைந்தாலோ தொலைந்தாலோ பாலிஸி கொடுக்குமா என்று மட்டும் கேளுங்கள். சொந்தச் சாமானுக்கு ஒரு தொகையும் வாடகைச் சாமானுக்கு வேறொரு தொகையும் போட்டிருப்பார்கள். தம்பியைப் போல் சொந்தப் பலகை வைத்திருப்பவர்கள் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பழைய பலகைக்குப் புது விலை கிடைக்காது. வருஷத்துக்கு வருஷம் கழித்துக்கொள்வார்கள். விமானத்தில் வந்த பலகை உடைந்திருந்தால், கைக்கு வந்த 7 நாட்களுக்குள் விமானக் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் போய்ச் சேர வேண்டும்.

காப்பி குடிக்கப் போகும்போது வெளியே சாத்தி வைத்த பலகை களவு போனால், "கவனிப்பாரின்றி விட்டீர்கள்" என்று கம்பெனி கை விரிக்கலாம். அதற்கு அங்குள்ளவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். நாம் கல்யாண வீட்டில் ஒரு செருப்பை இங்கும் மற்றதை அங்கும் விடுவோமே, அதேதான்! தன் பலகை ஒன்றையும் சிநேகிதியின் பலகை ஒன்றையும் ஜோடி சேர்த்து இரண்டு இடங்களில் வைத்துவிடுகிறார்கள்.

ஒரே ஒரு ரகசியம். வாடகைக் கடையில் உங்கள் உடல் எடையைக் கேட்பார்கள். விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பிடிப்பை அதைக் கொண்டுதான் முறுக்குகிறார்கள். குறைத்துச் சொன்னால் வேண்டாத நேரத்தில் கழன்றுவிடும். கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய சமயத்தில் கழலாமல் முழங்காலை முறுக்கிவிடும். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால், கடைக்காரர் காதோடு சொல்லிவிடுங்கள்.