ஆர்டுயினோவை லேன் கேபிளில் இணைக்கத் தனி சிப் ஏன்?

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டின் ரேம் 2 கிலோபைட்தான். ஈதர்நெட்டில் வரும் ஒரே ஒரு தரவுச் சட்டகமே 1,518 பைட் வரை நீளும். அதை வாங்கி வைத்தாலே ரேமில் முக்கால்வாசி போய்விடும். மிச்ச இடத்தில் நிரல் எப்படி ஓடும்?

இதற்குத்தான் டபிள்யூ5500 சிப். வரும் தரவையும் அனுப்பும் தரவையும் தேக்கிவைக்க அதற்குள்ளேயே மொத்தம் 32 கிலோபைட் இடம் உண்டு. டிசிபி/ஐபி விதிகள் வன்பொருளாகவே பதிந்திருப்பதால், தொலைந்த பொட்டலத்தை மறுபடி அனுப்புவதும் அதன் வேலை. ஆர்டுயினோ தனக்கு வேண்டிய பைட்டுகளை மட்டும் எஸ்பிஐ கம்பிகள் வழியே எடுத்துக்கொள்ளும்.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்தச் சிப்புக்குச் சொந்தமாக மேக் முகவரி கிடையாது. நிரலில் நீங்கள்தான் தர வேண்டும். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு போர்டுகளுக்கு ஒரே முகவரி தந்தால், இரண்டின் இணைப்பும் தடுமாறும். போர்டுக்கு ஒன்றாக மாற்றிக் கொடுங்கள்.