கார்த்திகை மலை: ஏறினால் வழுக்கல், இறங்கினால் இருட்டு!

திருவண்ணாமலை:

கார்த்திகை பிறந்தால் போதும். "இந்த வருஷம் மலைக்கு விடுவாங்களா?" என்ற கேள்வி பஸ் நிலையத்திலிருந்து தேரடி வரை அடிபட ஆரம்பித்துவிடும்.

மலையின் உயரம் 2,668 அடி. இது என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் உச்சி வரை படிக்கட்டு கிடையாது. கந்தாசிரமம் வரைதான் கல் பாவிய பாதை. அதற்கு மேல் பாறை தாண்டிப் பாறையாகத்தான் போக வேண்டும். புல் ஆள் உயரத்துக்கு நிற்கும். எங்கே கால் வைக்கிறோம் என்பதே தெரியாது.

வெயில் காலத்தில் ஏறிப் பழகியவர்கள்கூட கார்த்திகையில் தடுமாறுகிறார்கள். காரணம் மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தீபமும் அதன் நடுவில்தான் வருகிறது. தண்ணீர் ஊறிய மண், பாறையைப் பிடித்து வைத்திருக்கும் பலத்தை இழந்துவிடும். கெட்டியாகத் தெரிகிற கல், மிதித்தால் உருளும்.

உச்சியில் வேறு தொல்லை. வருஷா வருஷம் 11 நாள் தீபம் எரிகிற இடம் அது. நெய்யும் புகையும் படிந்து பாறை கறுத்து, எண்ணெய்ச் சட்டி மாதிரி வழுக்கும்.

தீபம் ஏற்றுவது மாலை 6 மணிக்கு. அதைப் பார்த்துவிட்டு இறங்குவதென்றால் இருட்டில்தான் இறங்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய பாடு!

7 பேர் பலி

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இங்கே மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள், டிசம்பர் 1-ந் தேதி, மலையடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகர் 11-வது தெருவில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடியது.

உள்ளே இருந்த 7 பேரும் பலியானார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். தேசிய பேரிடர் மீட்புப் படையினர் தோண்டித் தோண்டி, டிசம்பர் 2, 3 தேதிகளில் உடல்களை எடுத்தார்கள்.

அவர்கள் யாரும் மலை ஏறப் போனவர்கள் அல்ல. வீட்டில் இருந்தவர்கள்.

2,500 பேருக்குத் தடை

2022, 2023-ம் ஆண்டுகளில் தீபத்தன்று 2,500 பேருக்கு அடையாள அட்டை கொடுத்து மலையேற விட்டார்கள். 2024-ல் நிபுணர் குழு மலையில் ஆய்வு செய்தது. பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்று முடிவானது. கொப்பரை, நெய், திரி சுமக்கும் ஆட்களும் தேவையான ஊழியர்களும் மட்டும் போனார்கள். தீபம் ஏற்றும் உரிமை உள்ள பர்வத ராஜகுலத்தினர், டிசம்பர் 13-ந் தேதி மாலை 6 மணிக்கு வழக்கம் போல ஏற்றினார்கள்.

பக்தர்கள் பலருக்கு இதில் மனக்குறைதான். ஆனாலும் சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். ஊறிய சரிவில் இரண்டாயிரம் பேர் மிதித்தால், தட்டிவிட்ட கல் ஒன்று யார் கூரையில் போய் நிற்கும்?

'நாலு பேர் போறாங்க, நாமும் போவோம்' என்று குறுக்கு வழியில் நுழைகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வழி தவறி மாட்டிக்கொண்டவர்களை வனத்துறையினர்தான் தேடிப் பிடித்து இறக்க வேண்டியிருக்கிறது. இருட்டில், அதே வழுக்குப் பாறையில்!

தீபம் பார்க்க மலை உச்சிக்குப் போக வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நின்றாலே தெரியும். கொப்பரையில் படியும் மை வேண்டுமென்றால் அதுவும் கீழேதான். மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திய பிறகு, கோவிலிலேயே பக்தர்களுக்குக் கொடுக்கிறார்கள்.