மூலமும் குறிப்பும்: ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும் முறை

ஆய்வேடு எழுதப் புகும் மாணவர் அடிக்குறிப்பினை, ஏடு முடிந்த பின்னர்ச் சேர்க்கும் ஒப்பனையாகக் கருதுதல் கூடாது. ஒரு கூற்று யாருடையது, எங்கே உள்ளது, எவ்வளவிற்குச் சான்றாகும் என்னும் மூன்றனையும் கற்பார்க்கு உணர்த்துவதே அதன் பணி. இவற்றுள் முதலாவது பிழைபடின் ஏனைய இரண்டும் பயன்படா. சாந்தோம் பற்றிய செய்தி ஒன்றனைக் கொண்டு இதனை விளக்குவாம்.

மயிலாப்பூரை அடுத்த கடற்கரைப் பகுதி, 16ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய போர்த்துக்கீசியரால் தூய தோமாவின் பெயர் பெற்றது. அங்குள்ள பேராலயம் தோமாவின் கல்லறைமீது எழுந்தது என்பது கிறித்தவர் மரபு. அம்மரபின் பழமையைக் காட்ட விழைவோர், தோமாவின் உடல் மயிலாப்பூரில் உள்ளது என 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மார்க்கோ போலோ கூறினார் என்று எழுதுவதுண்டு. அடிக்குறிப்பில் அவருடைய பயண நூலின் பெயர் மட்டும் நிற்கும்.

மூலத்தை நோக்குவோமாயின் நிலைமை வேறாகின்றது. ஹென்றி யூல் மொழிபெயர்த்து, கோர்டியர் திருத்திய 1903ஆம் ஆண்டுப் பதிப்பில், மூன்றாம் பகுதியின் 18ஆம் இயல் இச்செய்தியைக் கூறுகின்றது. மாபார் நாட்டில், வணிகர் மிகுதியாகச் செல்லாத சிற்றூர் ஒன்றில் தோமாவின் உடல் உள்ளது என்பதே ஆங்குக் காணப்படுவது. அவ்வூரின் பெயர் இல்லை. அது மயிலாப்பூரே எனத் துணிந்து விளக்குவது யூல் எழுதிய குறிப்பாகும். அத்துணிபு அறிஞர் பலர்க்கும் உடன்பாடே. எனினும், உடன்பாடான முடிபு வேறு. மூலத்தின் சொல் வேறு. இரண்டனையும் ஒன்றாக்கினால், போலோ கூறாததை அவர்மேல் ஏற்றுகின்றோம். யூலின் உழைப்பையும் மறைக்கின்றோம்.

ஆகவே, இங்கு இரண்டு அடிக்குறிப்புகள் வேண்டும். முதலாவது, ஆசிரியர், நூல், மொழிபெயர்ப்பாளர், பதிப்பித்த இடம், ஆண்டு, பகுதி, இயல், பக்கம் என்னும் முறையில் அமையும். இரண்டாவது, 'மேலது, அவ்வியலுக்கு யூல் எழுதிய குறிப்பு' எனப் பக்க எண்ணுடன் அமையும்.

இவ்வேறுபாடு நம் இலக்கிய ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. முச்சங்க வரலாற்றை இறையனார் களவியல் கூறுகின்றது என்று எழுதுவோர் பலர். அந்நூலின் 60 நூற்பாக்களுள் ஒன்றிலேனும் அவ்வரலாறு இல்லை. முதல் நூற்பாவின் உரையிலேயே அது காணப்படுகின்றது. நூலும் உரையும் ஒரு காலத்தனவோ என்னும் வினாவே ஆராய்ச்சிக்குரியதாகலின், 'இறையனார் களவியல் உரை' எனக் குறியாதார் அவ்வினாவை எழுப்பாமலே முடிபு கூறியவர் ஆகின்றனர்.

வேறு சில நெறிகளும் உள. புறநானூற்றுப் பாடலைப் பாட்டெண்ணாலும் அடியெண்ணாலும் சுட்டுதல் வேண்டும். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பழைய உரையையோ பதிப்பாசிரியர் முன்னுரையையோ காட்டும்போது, 1894இல் உ. வே. சாமிநாதையர் வெளியிட்ட முதற்பதிப்பா, பிற்பதிப்பா என்பதைத் தெரிவித்துப் பக்கம் தருதல் வேண்டும். துணைநூற்பட்டியில் தமிழ் ஆசிரியரை 'சாமிநாதையர், உ. வே.' என இயற்பெயரை முன்வைத்து அகரநிரலில் அமைத்தல் நன்று. மின்படியாகக் கற்ற நூலுக்கும் அச்சுப்பதிப்பின் ஆண்டே குறிக்கத் தக்கது. மின்படி எடுத்த ஆண்டு பதிப்பாண்டு ஆகாது.

மூலத்தைக் காணாது பிறர் நூல்வழி அறிந்த செய்தியாயின், இன்னார் எடுத்தாண்டது என வெளிப்படையாகக் கூறலாம்; அது குறையன்று. காணாத நூலைக் கண்டதுபோற் காட்டுதலே குறை. அத்தகைய குறிப்பை நம்பி அடுத்த மாணவர் எழுதுவர். அவரை நம்பிப் பிறர் எழுதுவர். சில தலைமுறைக்குள் உரைகாரர் கருத்து மூலநூலின் வாக்காக நிலைபெற்றுவிடும். அதனைத் தடுக்கும் இடம், மாணவர் தம் கைப்பட எழுதும் அந்த ஒரு வரியே ஆகும்.